புது லொறி ஏத்தத்தில இழுக்க மாட்டேங்குது, வாங்கி 71 நாள். சட்டப்படி என்ன வழி?

நானுஓயா லொறிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். பத்து வருசத்துக்கு மேல மத்தவங்க லொறி ஓட்டினவன் நான். நுவரெலியாவில மரக்கறி ஏத்திக்கிட்டு தம்புள்ள போவேன். திரும்பி வரும்போது அரிசி, பெரிய வெங்காயம், தேங்காய் ஏத்திக்கிட்டு வந்து இங்க கடைகளுக்குப் போடுவேன். 2020 மார்ச்சில வந்த இறக்குமதித் தடை நீங்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்து, மனைவியோட நகையையும் வச்சு முற்பணம் கட்டி, மீதிக்கு லீசிங் போட்டு, ஏஜென்ட்கிட்டயே சின்ன டீசல் லொறி ஒண்ணு புதுசா எடுத்தேன். இன்னைக்கு 71ஆவது நாள்.

இறங்கிப் போறதுக்கு ஒரு குறையும் இல்ல. ஏறி வரும்போதுதான் பிரச்சினை. புசல்லாவையைத் தாண்டி ரம்பொடை வளைவுகள் தொடங்கினதும், ரெண்டாவது கியர்ல இழுத்துக்கிட்டு இருக்கிற வண்டி திடீர்னு சக்தி விட்டுடும். மஞ்சள் இஞ்சின் லைட் எரியும். எவ்வளவு மிதிச்சாலும் ஊர்ந்துதான் போகும். பின்னால பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான். ஓரமா நிப்பாட்டி, பத்து நிமிசம் அணைச்சு வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணினா ஒண்ணும் நடக்காத மாதிரி ஏறும். போன மாசம் பனிமூட்டத்தில ஒரு வளைவுல இப்படி ஆகி, பின்னால வந்த வேன் இடிக்கப் பார்த்திச்சு. என் மகனும் உள்ள இருந்தான்.

சேர்விஸுக்கு நாலு தடவை கொண்டு போயாச்சு. முதல் தடவை "புது இஞ்சின், பழகணும்"னாங்க. ரெண்டாவது தடவை கம்பியூட்டர்ல ஏதோ புதுசா ஏத்தினாங்க. மூணாவதுல ஃபில்டர் மாத்தினாங்க. நாலாவது தடவை ஆறு நாள் வச்சிருந்துட்டு "கோளாறு இல்லை"னு எழுதிக் குடுத்துட்டாங்க.

என் யோசனை இதுதான்: அடுத்த மாசத்தில இருந்து லீசிங் தவணையை நிப்பாட்டிட்டு, லொறியை ஷோரூம் வாசல்ல கொண்டு போய் விட்டுடுறது. அப்பவாவது வழிக்கு வருவாங்க இல்லையா?

---

முன்னாள் லீசிங்

அண்ணே, தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. நான் எட்டு வருசம் லீசிங் கம்பனியில வசூல் பிரிவில வேலை பார்த்தவன்.

உங்க பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்க. பதிவு உரிமையாளர்னு உங்க பேர் இருக்கும். முழு உரிமையாளர்னு லீசிங் கம்பனியோட பேர் இருக்கும். நீங்க தவணை கட்டுறது லீசிங்காரனுக்கு, கோளாறுள்ள வண்டி தந்தது ஏஜென்ட். வண்டி ஓடினாலும் ஓடாட்டியும் தவணை கட்டணும்னு உங்க ஒப்பந்தத்தில இருக்கும். மூணு தவணை தவறினா வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. ஏலம் போட்டு, மிச்சக் கணக்கையும் உங்ககிட்டயே கேப்பாங்க. ஏஜென்டுக்கு அதில ஒரு சதம் நட்டம் இல்ல. வண்டியும் போன பிறகு கோளாறை எதை வச்சு நிரூபிப்பீங்க? அந்த மாதிரிக் கோப்புகளை நான் கையால தொட்டிருக்கேன், அந்தக் குடும்பங்களோட முகம் இன்னும் மறக்கல.

தவணையைக் கட்டிக்கிட்டே சண்டை போடுங்க. ஆனா லீசிங் கம்பனிக்கும் எழுத்தில அறிவியுங்க. அவங்க காசு போட்ட சொத்து அது.

---

ஹட்டன் கராஜ் பாஸ்

தம்பி, நீங்க சொல்றதைப் பார்த்தா வண்டி தன்னைக் காப்பாத்திக்க சக்தியைக் குறைச்சுக்குது. டர்போ காத்து எங்கயாவது கசியலாம், டீசல் அழுத்தம் போதாம இருக்கலாம், ஒரு சென்சர் சூட்டுல தப்பான அளவு குடுக்கலாம். பார்க்காம எதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா "பழகணும்"னு சொன்னது சரியில்ல. பழகாத இஞ்சினுக்கு லைட் எரியாது.

லைட் எரிஞ்ச அந்த நொடியில இஞ்சின் வேகம், சூடு, சுமை எல்லாத்தையும் வண்டியோட கம்பியூட்டர் பிடிச்சு வச்சுக்கும். சேர்விஸ்ல முதல் வேலையா கோட் அழிச்சாங்கன்னா அந்தப் பதிவும் சேர்ந்து போயிடும். அதனால அடுத்த தடவை அழிக்கிறதுக்கு முன்னாடியே ஸ்கேன் அறிக்கையை அச்செடுத்துக் கேளுங்க. தரமாட்டேன்னா அதையும் குறிச்சு வைங்க.

அடுத்து, அவங்க எப்படி ஓட்டிப் பார்த்தாங்கன்னு கேட்டீங்களா? வெறும் வண்டியைத் தட்டை ரோட்டுல ஓட்டினா எந்த லொறியும் நல்லாத்தான் ஓடும். சுமையோட, கம்பளையில இருந்து ரம்பொடை வரைக்கும் ஏறிப் பார்க்கணும். இதைக் கடிதத்தில கேளுங்க, வாயால கேக்காதீங்க.

இன்னொண்ணு. வெளி கராஜ்ல எதையும் கழட்ட விடாதீங்க. நான் கராஜ் வச்சிருக்கிறவன், நானே சொல்றேன். வெளியாள் கை வச்சான்னு தெரிஞ்சா உத்தரவாதம் செல்லாதுன்னு சொல்ல அவங்களுக்கு ஒரு சாக்குக் கிடைச்சிடும்.

---

கண்டிச் சட்டத்தரணி

நானுஓயாத் தம்பிக்கு, உங்கள் பதிவில் எனக்கு மிகவும் அவசரமாகப் பட்டது 71 என்ற எண்தான்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு உங்களுக்கானது. உற்பத்தியாளரோ வியாபாரியோ வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தந்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி முறையிட அது வழி தருகிறது. விசாரணையில் உங்களுக்கு நட்டம் என்று தெரிந்தால், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ அதிகாரசபை கட்டளையிடலாம். கட்டளைப்படி செலுத்தாவிட்டால் அந்தத் தொகையை நீதவான் நீதிமன்றம் மூலம் தண்டப்பணத்தைப் போல அறவிட முடியும்.

ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு மூன்று வாரம்கூட இல்லை. "இன்னொரு தடவை கொண்டு வாருங்கள், பார்க்கிறோம்" என்று சேர்விஸில் சொல்வார்கள். நீங்களும் நம்பிப் போவீர்கள். அந்த நாட்களும் இந்த மூன்று மாதத்துக்குள்தான் கழிகின்றன. ஆகவே வண்டியை மறுபடி கொடுப்பதற்கு முன்பே முறைப்பாட்டை அனுப்பிவிடுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம். ஆனால் தொலைபேசியில் சொன்னது எழுத்து முறைப்பாடு ஆகாது.

வியாபாரத்துக்கு வாங்கிய லொறிக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்று சிலர் குழப்புவார்கள். நுகர்வோர் என்பதற்கு இச்சட்டம் தரும் வரைவிலக்கணம் அகலமானது: விலை கொடுத்துப் பெறும் பொருளை உபயோகிப்பவர் எவரும் அதில் அடங்குவார். நீங்களும் அடங்குவீர்கள்.

கடிதத்தில் கோபம் வேண்டாம். விலைப்பட்டியல் இலக்கம், செசி இலக்கம், இஞ்சின் இலக்கம் எழுதுங்கள். நான்கு தடவையும் எந்தத் திகதியில், எத்தனை கிலோமீற்றரில் கொண்டு போனீர்கள், என்ன சொன்னீர்கள், அவர்கள் என்ன எழுதித் தந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் திட்டமாகக் கேளுங்கள். "நியாயம் வேண்டும்" என்று முடிக்கும் கடிதங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மாற்று வண்டியா, பணமா, நட்டஈடா என்று எழுதினால்தானே கட்டளையிட முடியும்? பதிவுத் தபாலில் அனுப்பி, சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள். மாவட்டச் செயலகத்திலுள்ள அதிகாரசபை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கினால் இன்னும் நல்லது.

---

லண்டன் கம்பளையான்

நான் இங்கே கார் வாங்கியபோது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கோளாறான பொருளை முதல் 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பிறகு பழுது பார்க்க ஒரு வாய்ப்புத்தான். அதிலும் சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குள் தெரிந்த கோளாறு வாங்கும்போதே இருந்தது என்றே கொள்ளப்படும், இல்லையென்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. அமெரிக்காவில் இதற்கென்றே தனிச் சட்டங்கள் உண்டு, 1982இல் கனெடிகட் மாநிலம் கொண்டுவந்ததுதான் முதலாவது என்பார்கள். நம் நாட்டில் இப்படி நாள் கணக்கு, தடவைக் கணக்கு வைத்த சட்டம் உண்டா?

---

கண்டிச் சட்டத்தரணி

வாகனத்துக்கென்று தனியான அப்படிப்பட்ட சட்டம் நம்மிடம் இல்லை. எத்தனை தடவை பழுது பார்த்தும் சரிவராவிட்டால் மாற்ற வேண்டும் என்று எண் குறித்த விதி இல்லாததால்தான் நாலு தடவை, ஐந்து தடவை என்று இழுக்க முடிகிறது. இது மாற வேண்டும் என்று நான் உண்மையாக விரும்புகிறேன்.

ஆனால் நம்மிடம் 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவு, விற்கும் பொருளின் தரத்தையும் நோக்கத்துக்கான பொருத்தத்தையும் பற்றி உட்கிடையான நிபந்தனைகளை விதிக்கிறது. "இந்த லொறியை மலைப்பாதையில் சுமையுடன் ஓட்டுவேன்" என்று வாங்கும்போது விற்பனையாளரிடம் சொன்னீர்களா? குறுஞ்செய்தியில் சொல்லியிருந்தால் அதை அழிக்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட வணிகப் பெயரைச் சொல்லி வாங்கிய பொருளுக்கு, நோக்கத்துக்குப் பொருந்தும் என்ற நிபந்தனை எழாது என்று ஒரு விதிவிலக்கும் அதில் உண்டு. மற்றத் தரப்பு அதைப் பிடிக்கும். நீங்கள் கேட்டு, அவர்கள் பரிந்துரைத்தார்கள் என்று காட்ட முடிந்தால் உங்கள் கை ஓங்கும்.

இந்தச் சட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. பொருளை வைத்துக்கொண்டு, நிராகரிப்பதாகச் சொல்லாமல் நியாயமான காலம் கடந்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஏற்றுக்கொண்ட பிறகு பெரும்பாலும் நட்டஈடு மட்டுமே கேட்கலாம், திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே லொறியை ஓட்டாமல் நிறுத்துவதே சட்டப்படி பலம்.

---

நானுஓயா லொறிக்காரன்

ஐயா, நிப்பாட்டினா தவணை யார் கட்டுறது? அடுப்பு எரியணும். விற்கும்போது அந்தப் பையன்கிட்ட ரம்பொடை ஏறுமான்னு கேட்டேன். "தாராளமா ஏறும் அண்ணே"ன்னு வட்ஸ்அப்ல குரல் பதிவு அனுப்பினான். அது இன்னும் இருக்கு.

---

கண்டிச் சட்டத்தரணி

அந்தக் குரல் பதிவை இன்றே இரண்டு இடத்தில் சேமியுங்கள். உண்மையல்லாததைச் சொல்லி வாங்கவைப்பதையும் அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. 30ஆம், 31ஆம் பிரிவுகளைப் பாருங்கள்.

ஓட்டத்தான் வேண்டும் என்றால், ஏஜென்டுக்கு அனுப்பும் கடிதத்தில் இப்படி எழுதுங்கள்: "குத்தகைத் தவணை செலுத்த வேண்டியிருப்பதால் மட்டுமே வாகனத்தைக் குறைந்த சுமையுடன் பயன்படுத்துகிறேன். இதை நான் வாகனத்தை ஏற்றுக்கொண்டதாகக் கருதக்கூடாது." இது முழுக் கவசம் ஆகாது, ஆனால் பின்னால் உங்களுக்குப் பேச ஒரு பிடி. வண்டி நின்ற நாட்கள், கூலிக்கு வேறு லொறி பிடித்த செலவு, அழுகிப்போன மரக்கறி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். நட்டஈட்டுக் கணக்கு அந்தக் கொப்பியிலிருந்துதான் பிறக்கும்.

லீசிங் பற்றியும் ஒன்று. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்படி, பொருளை வழங்கியவரின் கடமைகள் குத்தகைக்கு எடுத்தவருக்கும் உரியவை. "வண்டியை வாங்கியது லீசிங் கம்பனி, உங்களுக்குப் பேச உரிமை இல்லை" என்று ஏஜென்ட் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

---

வட்டவளை இளைஞன்

அதிகாரசபை, கடிதம் எல்லாம் நடக்கிற காரியமா? முகநூலில் கம்பனி பெயரோடு வீடியோ போட்டால் இரண்டே நாளில் கூப்பிடுவார்கள்.

---

கண்டிச் சட்டத்தரணி

கூப்பிடவும் கூடும், மானநட்டத்துக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்பவும் கூடும். வண்டி நிற்பதையும் லைட் எரிவதையும் வீடியோ எடுப்பது மிகவும் நல்லது. திகதி தெரிய எடுத்து, முறைப்பாட்டுடன் இணையுங்கள். "ஏமாற்றுக்காரர்கள்" என்று பெயர் சொல்லிப் போட்டால், நியாயம் உள்ள ஒருவர் எதிராளியாக நிற்க வேண்டிவரும்.

அதிகாரசபையில் காலம் எடுக்கும் என்பது உண்மை. கட்டளை வந்தாலும் கம்பனிகள் அதை ரத்துச் செய்யும் எழுத்தாணை (ரிட்) கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போவதுண்டு. ஆனால் அதிகாரசபைக்குப் போக உங்களுக்குப் பெரிய செலவில்லை, மாவட்ட நீதிமன்ற வழக்குக்கு உண்டு. எழுத்து ஒப்பந்தத்தின் மீதான வழக்குக்கு ஆறு வருடக் காலவரையறை இருப்பதால் அந்தக் கதவு உடனே மூடாது. முதலில் மூடுவது 13ஆம் பிரிவின் கதவு. வழக்குக்குக் கொழும்புக்கே போக வேண்டும் என்பதும் இல்லை. ஒப்பந்தம் கைச்சாத்தான இடத்து நீதிமன்றத்திலும் போடலாம்.

---

லிந்துலை மகள்

இதையெல்லாம் படிச்சிட்டுத்தான் தைரியம் வந்து எழுதுறேன். எங்க அப்பா தோட்டத்தில 34 வருசம் வேலை செஞ்சு ஓய்வு பெற்றவர். சேமலாப நிதிக் காசு வந்ததும், யார்கிட்டயும் கையேந்தாம பிழைக்கணும்னு முழுக் காசும் குடுத்துப் புது ஆட்டோ எடுத்தார். மூணாவது வாரத்தில இருந்து பிரேக் ஒரு பக்கமா இழுக்குது. அஞ்சு தடவை கொண்டு போயிட்டோம். ஒவ்வொரு தடவையும் அப்பாகிட்ட ஒரு தாள்ல கையெழுத்து வாங்கிட்டு அனுப்புவாங்க. நேத்துத்தான் பக்கத்து வீட்டு அண்ணன் அந்தத் தாளை வாசிச்சுச் சொன்னார். சிங்களத்தில "வேலை பூரண திருப்தி"ன்னு இருக்காம். அஞ்சுலயும் அதேதான். அப்பாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது.

வாங்கி நாலு மாசம் முடிஞ்சுது. எங்களுக்கு இனி வழியே இல்லையா? அப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடல.

---

கண்டிச் சட்டத்தரணி

தங்கச்சி, முதலில் அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். பிரேக் ஒரு பக்கம் இழுக்கும் ஆட்டோவை லிந்துலைச் சரிவுகளில் ஓட்ட வேண்டாம், அது எல்லாவற்றுக்கும் முந்தியது.

விற்பனையிலிருந்து எண்ணினால் மூன்று மாதம் கடந்துவிட்டது. ஆனால் பழுதுபார்ப்பும் ஒரு சேவைதான். சேவை பற்றிய முறைப்பாட்டுக்குச் சேவை வழங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். தகுந்த கவனத்தோடும் திறமையோடும் சேவை செய்ய வேண்டும் என்பதும் நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தில் இருக்கிறது. கடைசியாகக் கொடுத்தது எப்போது? அந்த நாளை வைத்து, பழுதுபார்த்த சேவை சரியில்லை என்று உடனே எழுதுங்கள். உத்தரவாதக் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் ஏஜென்டுக்கும் தனியாகப் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் போகட்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேளுங்கள். 1978ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அரச நிறுவனம் அது. அப்பா ஓய்வு பெற்ற கடிதத்தையும் வருமான விவரத்தையும் கொண்டு போங்கள்.

அந்தத் திருப்திக் கையெழுத்துகள் பலவீனம்தான், ஆனால் முடிவல்ல. திருப்தியான மனிதர் ஏன் அதே பிரேக்குக்காக ஐந்து தடவை வந்தார் என்று கேட்கலாம். ஐந்து தாள்களும் ஒரே கோளாறைச் சொல்கின்றன என்றால் அவை உங்கள் சாட்சியாகவும் ஆகும். இனிமேல் எந்தத் தாளானாலும் கையெழுத்துக்கு மேலே தமிழில் "கோளாறு தீரவில்லை" என்று அப்பா எழுதட்டும். எழுதிய உடனே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் அரசகரும மொழி. அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது. உடைந்த ஆங்கிலத்தில் எழுதி, சொல்ல வந்ததை விட்டுவிடும் நம் ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

---

ஹட்டன் கராஜ் பாஸ்

மகள், ஆட்டோவை என்கிட்ட கொண்டு வாங்க. எதையும் கழட்டாம, சக்கரம் நாலு விரல் உயர்த்திச் சுத்திப் பார்த்து, எந்தப் பக்கம் பிடிக்குதுன்னு கராஜ் கடிதத் தாள்ல எழுதிக் குடுக்கிறேன். காசு வேணாம். ஓட்டிக்கிட்டு வராதீங்க, சின்ன லொறியில ஏத்திக்கிட்டு வாங்க.

---

நானுஓயா லொறிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. 76ஆவது நாள் நுவரெலியா கச்சேரிக்கு, அதான் மாவட்டச் செயலகத்துக்குப் போய் முறைப்பாட்டைத் தமிழில குடுத்து முத்திரை வாங்கினேன். ஏஜென்டுக்கும் லீசிங் கம்பனிக்கும் பதிவுத் தபால்ல பிரதி போயிருக்கு. தவணையும் கட்டிட்டேன்.

கடிதம் போய் ஒரு வாரத்தில சேர்விஸ் மேலாளரே கூப்பிட்டார். பாஸ் சொன்ன மாதிரி, சுமையோட ஓட்டிப் பார்த்தாத்தான் வண்டியைத் தருவேன்னு எழுத்தில கேட்டிருந்தேன். நேத்து டெக்னீசியன் வந்தார். அளவுக்கு மிஞ்சி ஏத்தினேன்னு சொல்லக்கூடாதுன்னு நிறுத்த சிட்டையும் எடுத்துக்கிட்டேன். புசல்லாவை வரைக்கும் ஒண்ணும் இல்ல. ரம்பொடையில அதே வளைவு, அதே லைட். அவர் முகத்தைப் பார்த்தேன், ஒண்ணும் பேசல. ஸ்கேன் அச்செடுத்து, ஜொப் கார்டுல "சுமையுடன் ஏற்றத்தில் சக்தி இழப்பு உறுதி" என்று அவர் கையாலயே எழுதிக் குடுத்தார். இத்தனை நாள் நான் சொன்னதை முதல் தடவையா அவங்க தாள்ல பார்த்தேன் ஐயா. விசாரணைத் திகதிக்குக் காத்திருக்கேன், அந்தத் தாளோட போவேன்.

லிந்துலைத் தங்கச்சி, நாளைக்கு நான் வெறும் லொறியோட தலவாக்கலைப் பக்கம் வர்றேன். வெறும் வண்டியா ஏறினா நிக்காது. ஆட்டோவை ஏத்திக்கிட்டு ஹட்டன்ல பாஸ்கிட்ட இறக்கிடலாம். அப்பாவை அந்த அஞ்சு தாளையும், பில்லையும், உத்தரவாதப் புத்தகத்தையும் எடுத்துக்கிட்டு ஆறரைக்கு ரோட்டுக்கு வரச் சொல்லுங்க.